பர்ஸ்டன் கலகம் - 4: பாதிரியாருக்குக் கடைசி இடம்

வுட் டாலிங்கிலிருந்து பர்ஸ்டனுக்கு மாற்றினால் ஹிக்டன் தம்பதியர் அடங்கிவிடுவார்கள் என்று இங்கிலாந்தின் நார்ஃபோக் கல்விக் குழு போட்ட கணக்கைப் போன வாரம் பார்த்தோம். கணக்கு தப்பியது. மனைவி கிட்டி தலைமையாசிரியை, கணவர் டாம் துணையாசிரியர். பள்ளி விட்டதும் டாமுக்குப் பண்ணைக் கூலிகளைச் சங்கத்தில் சேர்க்கிற வேலை. அவர்கள் வந்த அதே 1911-ல்தான் சார்லஸ் டக்கர் ஈலண்டும் ஊருக்குப் பாதிரியாராக வந்தார். அவருக்கு ஆண்டு வருமானம் 581 பவுன். அவர் பிரசங்கத்தைக் கேட்கும் கூலிக்காரனுக்குச் சுமார் 35.

1913-ல் பாரிஷ் கவுன்சில் தேர்தல் வந்தது. இந்த ஊர்மன்றங்களைப் பெற்றுத் தந்த 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அழகான விதி உண்டு: ஊர்க்கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது. வயலில் நிற்பவன் வேலை முடித்து வந்து சேர வேண்டுமே! ஆனால் வந்தவன் எப்படி வாக்களிப்பான்? எல்லோர் முன்னிலையிலும் கை தூக்கித்தான். ரகசிய வாக்கு வேண்டுமென்றால் எழுந்து நின்று கேட்க வேண்டும். கூலி கொடுக்கும் பண்ணைக்காரரும் அதே கூட்டத்தில் உட்கார்ந்து, எந்தக் கை யாருக்காக எழுகிறது என்று பார்க்கலாம். கூலிகள் பலர் குடியிருந்ததோ பண்ணை வீடுகளில். வேலை போனால் கூரையும் போகும். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த கைக்கு அதைவிடக் கனமான வேலை இதுதான் என்பேன்.

முடிவு வந்தது. பட்டியலின் தலையில் டாம் ஹிக்டன். பாதிரியார் ஈலண்ட்? அடியில். மன்றத்தில் அவருக்கு இடமே இல்லை.

ஊர்மன்றத்துக்கு என்ன பெரிய அதிகாரம்? நடைபாதை, குத்தகைக்கு விடும் தோட்டத் துண்டு, இவ்வளவுதான். ஈலண்டுக்கு வலித்தது அதிகாரம் போனதால் அல்ல என்றே நினைக்கிறேன். ஞாயிறுதோறும் தன் முன் தலைகுனிகிறவர்கள் தன்னைக் கடைசியில் நிறுத்திவிட்டார்களே, அது.

ஆனால் ஊரார் வாக்கால் அசைக்க முடியாத நாற்காலி ஒன்று இருந்தது. பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் பதவி. அது ஈலண்டிடம் இருந்தது. டாமும் கிட்டியும் சம்பளம் வாங்கியது அந்தப் பள்ளியில்தான்.

அதன்பின் புகார்கள் முளைத்தன. மழையில் நனைந்து நடந்து வந்த பிள்ளைகளின் துணி உலரட்டும் என்று அனுமதி கேட்காமல் கணப்பு மூட்டினார் கிட்டி. குற்றம்! விடுதியிலிருந்து ஊரில் வளர அனுப்பப்பட்ட இரண்டு சிறுமிகளை அடித்தார் என்று இன்னொன்று; அதை அவர் மறுத்தார். மறுத்து என்ன? 1914 மார்ச் 31-உடன் இருவருக்கும் வேலை முடிந்தது.

ஏப்ரல் 1 விடிந்தது. பள்ளியில் மொத்தம் 72 பிள்ளைகள். அவர்களில் 66 பேர் அன்று வகுப்பில் உட்காரவில்லை.

எங்கே போனார்கள்?

(அடுத்த வாரம்)