இலை தின்னிகள், மக்ரோனி தின்னிகள்: தட்டிலிருந்து மாவு காணாமல் போன கதை

இன்றைய எபிசோடில் நாம் பேசப்போவது ஒரு நூடுல்ஸ் பற்றி. ஆனா அதில் மாவு கிடையாது.

கஃபே மெனு கார்டுகளில் 'சூடுல்ஸ்' என்று ஒரு பெயரைப் பார்த்திருப்பீங்க. சுக்கினி என்ற காயை நூல் நூலாகச் சீவி, அதன்மேல் பாஸ்தா சாஸை ஊற்றித் தருவார்கள். பாஸ்தா இல்லாத பாஸ்தா. வேகவைத்த ஸ்பகெட்டி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும். அதே எடை சுக்கினியில் 3 கிராம்தான். மீதி கிட்டத்தட்ட எல்லாமே தண்ணி. லோ-கார்ப் ஆட்களுக்கு இது ஏன் பிடிக்கும் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பார்த்தால் இன்ஸ்டாகிராம் காலத்துக் கண்டுபிடிப்பு மாதிரி இருக்கும். ஆனால் காய்க்கும் மாவுக்கும் நடுவில் நடக்கும் இந்த இடமாற்றத்துக்கு நானூறு வருஷக் கதை இருக்கு. அந்தக் கதை தொடங்குவதே எதிர்த்திசையில்தான். அதாவது, முதலில் காயைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது பாஸ்தா.

இடம் தெற்கு இத்தாலி, நேப்பிள்ஸ் நகரம். 16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ்காரர்களுக்கு மற்ற இத்தாலியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'இலை தின்னிகள்'. முட்டைக்கோஸ், கீரை, கொஞ்சம் இறைச்சி, இதுதான் அங்கே சாதாரண ஜனங்களின் சாப்பாடு. 'மக்ரோனி தின்னி' என்ற கேலி அப்போது சிசிலித் தீவுக்காரர்களுக்குத்தான். அதுக்கும் காரணம் உண்டு. 1154லேயே அல்-இத்ரிஸி என்ற அரபுப் புவியியலாளர், சிசிலியின் த்ராபியா என்ற ஊரில் உலர்ந்த நூல் பாஸ்தா செய்து கப்பல் கப்பலாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். நேப்பிள்ஸில் பாஸ்தா இருந்தது, ஆனால் வாய்ப்பும் வசதியும் உள்ளவர்களின் பண்டமாக இருந்தது.

17ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. ஸ்பெயின் ஆட்சியின் கீழ் நகரத்தின் ஜனத்தொகை பிதுங்கியது. அத்தனை பேருக்கும் போதுமான இறைச்சியும் இல்லை, காயும் இல்லை. வரிச்சுமை வேற. 1647இல் மசானியெல்லோ என்ற மீனவர் தலைமையில் நேப்பிள்ஸில் பெரிய கலகமே வெடித்தது. தீப்பொறி எது தெரியுமா? பழத்துக்குப் போட்ட வரி.

இதே காலத்தில் மாவு பிசையும் பொறியும், திருகாணி வைத்த அழுத்தும் பொறியும் புழக்கத்துக்கு வந்தன. நம்ம வீட்டு இடியாப்ப அச்சை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நினைத்துப் பாருங்க, கிட்டத்தட்ட அதுதான். பாஸ்தா மலிவானது. காய வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, வயிறும் நிறையும். முட்டைக்கோஸும் இறைச்சியும் போன இடத்தில் மக்ரோனியும் கொஞ்சம் துருவிய சீஸும் வந்து உட்கார்ந்தன. எமிலியோ செரேனி என்ற இத்தாலிய வரலாற்றாசிரியர் 1958இல் இதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இலை தின்னிகள் எப்படி மக்ரோனி தின்னிகள் ஆனார்கள் என்பதுதான் அதன் கேள்வி. அவர் சொல்லும் பதில் ருசி இல்லை, பற்றாக்குறை.

அப்புறம் வந்த வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது வேடிக்கையானது. தெருவில் நின்று கையால் மக்ரோனியைத் தூக்கி அண்ணாந்து வாயில் விடும் ஏழைகளின் படங்கள், 19ஆம் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஞாபகப்பொருளாக விற்றன. தக்காளி சாஸ்கூட ரொம்பப் பின்னால் வந்ததுதான். வெர்மிசெல்லியைத் தக்காளியோடு சமைக்கும் குறிப்பை கவல்காந்தி என்ற நேப்பிள்ஸ் பிரபு தன் புத்தகத்தில் சேர்த்தது 1839இல். 'பாட்டி காலத்து இத்தாலியப் பாரம்பரியம்' என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அதில் பாதி இப்படி நெருக்கடியில் பிறந்தது.

சரி, இப்போ ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி பிரான்ஸுக்குப் போவோம். ஏன்னா, மாவைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் காயை வைப்பது என்ற யோசனை முறையாக உருவானது சமையலறையில் இல்லை. நோயாளியின் அறையில்.

அப்போலினேர் பூஷார்தா என்பவர் பாரிஸ் மருத்துவர், மருந்தியலாளரும்கூட. சர்க்கரை நோயாளிகளின் ரொட்டிதான் பிரச்சினை என்று 1840களிலேயே பிடித்துக்கொண்டவர். கோதுமை மாவிலிருந்து மாவுச்சத்தைக் கழுவி எடுத்துவிட்டு, மிஞ்சும் குளூட்டனில் ரொட்டி சுடச் செய்தார். பச்சைக் காய்கறிகளைச் சேர்க்கச் சொன்னார். 1870-71இல் ஜெர்மன் படைகள் பாரிஸை முற்றுகையிட்டன. ரொட்டி ரேஷன் ஆனது, ஊரே பட்டினி. அப்போது தன் நோயாளிகளில் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போனதை அவர் கவனித்தார். ஒரு நகரத்தின் பஞ்சம் அவருக்குப் பரிசோதனைக்கூடம் ஆனது.

லண்டனில் இதே சிந்தனை வேறு வழியாகப் பிரபலமானது. வில்லியம் பான்டிங் சவ அடக்க ஏற்பாடு செய்யும் தொழில்காரர். அரச குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு நடத்திய கம்பெனி அவருடையது. 5 அடி 5 அங்குல உயரத்தில் 202 பவுண்டு, சுமார் 92 கிலோ. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். காது கேட்கவில்லை என்று போனவரை வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் பரிசோதித்துவிட்டு, ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சர்க்கரை நோய் பற்றிப் பாரிஸில் கேட்ட சொற்பொழிவிலிருந்து ஹார்விக்கு வந்த யோசனை அது. எடை மளமளவென்று குறைய, 1863இல் பான்டிங் அதை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். பயங்கர ஹிட். ஸ்வீடிஷ் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றைக்கும் 'பான்டா' என்றுதான் வினைச்சொல்.

ஆக, பான்டிங்குக்கு இது லேஸ் கட்டும் பிரச்சினை. அடுத்து வருபவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

இன்சுலின் வருவதற்கு முன், சிறுவயதில் வரும் சர்க்கரை நோய் என்றால் மரணம்தான். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், அவ்வளவுதான். நியூயார்க்கில் ஃப்ரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் 1910களில் கொண்டுவந்த சிகிச்சையின் சாரம் இதுதான்: சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை பட்டினி, பிறகு உயிர் பிடித்திருக்கும் அளவுக்கு மட்டும் உணவு. ரொட்டிக்குப் பதில் தவிட்டு பிஸ்கட். காய் கொடுப்பார்கள், ஆனால் மூன்று தடவை தண்ணீர் மாற்றி வேகவைத்து, அதில் இருக்கும் துளி மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வடித்துவிட்டுத்தான். சத்தும் ருசியும் போய் வெறும் நார் மிஞ்சும். வயிற்றை ஏமாற்றத்தான் அது.

ஆலனிடம் பார்வை இழந்த 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். எவ்வளவு கட்டுப்படுத்தியும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. யார் திருட்டுத்தனமாக உணவு கொடுக்கிறார்கள் என்று தேடினால், அவன் பற்பசையையும், அறையில் இருந்த கூண்டுப் பறவையின் தானியத்தையும் தின்றிருக்கிறான். இதைப் படித்த பிறகு, 'கார்ப் கட்' என்ற சொல்லை நான் முன்போல லேசாக உச்சரிப்பதில்லை.

ஆனாலும் ஆலனை வில்லனாக்க முடியாது. எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். 1919இல், 11 வயதில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று வருஷத்துக்கு மேல் ஆலன் முறையில் தாக்குப்பிடித்தாள். 1922 ஆகஸ்டில் டொரோன்டோவுக்குக் கொண்டுபோனபோது அவள் எடை 45 பவுண்டு, சுமார் 20 கிலோ. 15 வயது நெருங்கும் பெண்ணுக்கு. அங்கே ஃப்ரெடரிக் பான்டிங் அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டார் (நம்ம சவ அடக்கக்காரர் பான்டிங் இல்லை, இவர் வேற ஆள்). எலிசபெத் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். பட்டினி அவரைக் குணமாக்கவில்லை. மருந்து வந்து சேரும் வரை காலத்தைக் கடத்திக் கொடுத்தது. எத்தனையோ குழந்தைகளுக்கு அந்தக் காலம் போதவில்லை.

இன்சுலின் வந்த பிறகு ரொட்டி தட்டுக்குத் திரும்பியது. மாவைத் துரத்தும் உணவுமுறை மருத்துவமனையை விட்டு வெளியேறி எடைக்குறைப்பு உலகத்தில் தங்கியது. 1972இல் ஆட்கின்ஸ் புத்தகம், 2000களில் பேலியோ. அந்தப் பகுதி உங்களுக்கே தெரியும்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லாமல் போனால் இந்த எபிசோடு நிறைவடையாது. 1930 கடைசியில் மரினெத்தி என்ற கவிஞர் இத்தாலியிலேயே பாஸ்தாவுக்கு எதிராகப் போர் அறிவித்தார். ஃபியூச்சரிஸம் என்ற கலை இயக்கத்தைத் தொடங்கியவர், முசோலினியின் ஆதரவாளர். பாஸ்தா இத்தாலியர்களை மந்தமாக்குகிறது, சோம்பேறியாக்குகிறது, அதை ஒழிக்க வேண்டும் என்றார். பின்னால் கணக்கும் இருந்தது. இத்தாலி வெளியிலிருந்து கோதுமை வாங்கிக்கொண்டிருந்தது, 1925இலேயே முசோலினி 'கோதுமைப் போர்' என்று ஒரு திட்டம் தொடங்கியிருந்தார். பாஸ்தாவை விட்டு உள்ளூர் அரிசிக்கு மாறுங்கள் என்பது மரினெத்தியின் வாதம். ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். சொர்க்கத்தில் தேவதூதர்கள் சாப்பிடுவதே தக்காளி வெர்மிசெல்லிதான் என்று நேப்பிள்ஸ் மேயர் பதில் சொன்னார். பாஸ்தாவைக் காப்பாற்றச் சொல்லி லாக்விலா நகரத்துப் பெண்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

இதில் எனக்குப் பிடித்த தற்செயல் ஒன்று. மரினெத்தி தன் போரை முதலில் அறிவித்தது மிலான் நகரத்து உணவகம் ஒன்றில். பின்னாளில் பாஸ்தாவின் இடத்தைப் பிடிக்கப்போகும் காய் உருவானதும் அதே மிலான் பக்கம்தான். சுக்கினியின் மூதாதை மெக்ஸிகோவைச் சேர்ந்தது. அங்கே ஒஹாகா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகளுக்கு சுமார் 10,000 வயது. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பா போன அந்தப் பூசணி இனத்திலிருந்து, நீளமாக, உருளையாக, பிஞ்சிலேயே பறிக்கும் ரகத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் வட்டாரத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 'சுக்கா' என்றால் பூசணி, 'சுக்கினி' என்றால் குட்டிப் பூசணிகள். இத்தாலியக் குடியேறிகளோடு அது கலிபோர்னியா போனது.

அந்த உருளை வடிவம்தான் மெஷினுக்குத் தோதாக அமைந்தது. கைப்பிடியைச் சுற்றினால் ஆப்பிள் தோல் சுருளாக வரும் கருவிக்கு 1803லேயே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். முள்ளங்கியைக் காகிதம் போல இடைவிடாமல் உரித்தெடுக்கும் கத்தி வித்தை ஜப்பானியச் சமையலில் உண்டு, அதன் பெயர் 'கட்சுராமுகி'. அந்த வேலையைக் கைப்பிடி வைத்த சீவல் கருவிகளும் செய்ய ஆரம்பித்தன. சமைக்காத உணவு மட்டும் சாப்பிடும் கூட்டத்தார் இந்த மாதிரிக் கருவிகளை முதலில் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். 2013வாக்கில் லோ-கார்ப் அலையும் ஸ்பைரலைஸரும் சந்தித்தன. அமெரிக்காவில் 'சூடுல்ஸ்', பிரிட்டனில் 'கூர்ஜெட்டி'.

வீட்டில் செய்து பார்த்து, தட்டில் குளம் கட்டி ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து கரைந்திருக்கும். அதுதான் சாஸைக் கெட்டியாக்கி நூலோடு ஒட்டவைக்கும். சுக்கினியோ சூடு பட்டதும் தண்ணி விட்டு சாஸை நீர்த்துவிடும். அதனால் வேகவைக்காதீங்க. உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைத்து, துணியில் ஒற்றி, நல்ல சூடான வாணலியில் ஒண்ணு ரெண்டு நிமிஷம் புரட்டினால் போதும். சாஸ் முன்னாடியே வற்றிக் கெட்டியாக இருக்கணும். அப்புறம், வீட்டில் யாராவது இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று அரிசியையும் கோதுமையையும் நிறுத்த வைக்காதீங்க. மருந்து அளவு அப்படியே இருக்க, கார்ப் மட்டும் குறைந்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். எலிசபெத் காலத்தில் மருந்தே இல்லை. இன்றைக்கு மருந்தும் சாப்பாடும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

நேப்பிள்ஸுக்குத் தெற்கே, கடலோரத்தில், நெரானோ என்று ஒரு சின்ன ஊர். 1950களில் அங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் பதார்த்தம் ஒன்று இருக்கு. சுக்கினியை வட்ட வட்டமாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சீஸும் துளசி இன இலையும் சேர்த்துக் கிளறுவார்கள். எதோடு என்று கேட்டால், ஸ்பகெட்டியோடு.