புதுக்கோட்டைக் குன்றுகளில் ஒரு நாள் வரலாற்றுப் பயணம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில் வெறும் மொட்டைப் பாறைகளாகத் தெரியும் குன்றுகள் தமிழக வரலாற்றின் முக்கியச் சான்றுகளைத் தாங்கி நிற்கின்றன. சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், நார்த்தாமலை ஆகிய நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும். பெரும் பேரரசுகளின் பெயர்களையே படித்துப் பழகிய மாணவர்களுக்கு, உள்ளூர்த் தலைவர்களும் ஆசிரியர்களும் ஒரு பெண்ணும் இங்கே அறிமுகமாகிறார்கள்.

பாறை சூடேறும் முன் சித்தன்னவாசலில் தொடங்குவது நல்லது. குன்றின் மேலுள்ள இயற்கைக் குகைத்தளத்திற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்த பெயர் அது. உள்ளே வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் பெரிய படுக்கையில் காணப்படும் தமிழி எழுத்துக் கல்வெட்டு ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையானது. எருமைநாட்டில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை இது என்கிறது அந்தக் கல்வெட்டு. எருமைநாடு என்பது மைசூர்ப் பகுதி. அவ்வளவு தொலைவிலிருந்து வந்த சமணத் துறவிக்கு உள்ளூரார் இடம் அமைத்துத் தந்திருக்கிறார்கள்.

கீழே உள்ள அறிவர் கோயில் ஓவியங்களால் புகழ்பெற்றது. கூரையில் தாமரைக்குளம், மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களில் ஆடல் மகளிர். இவை பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே அறிஞர்கள் முதலில் கருதினர். பிறகு குடைவரையின் அருகிலுள்ள பாறைக் கல்வெட்டு வேறு கதை சொன்னது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்தார் என்பதே அச்செய்தி. ஓவியங்களும் அவர் காலத்தவை என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. ஓர் அரசனின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் பெயர் மறைந்திருந்தது. இன்று ஓவியங்களில் பெரும்பகுதி மங்கிவிட்டது. காலம் செய்த சேதத்தோடு, பார்க்க வந்தவர்கள் கீறியும் தொட்டும் செய்த சேதமும் உண்டு. இப்போது முன்னால் நிற்கும் தூண்களைப் பழையவை என்று நம்பி ஏமாறக் கூடாது. தூண்கள் பழையவைதான், ஆனால் 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை.

அந்தக் குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலின் சிற்பங்களே பலரையும் நிறுத்திவிடும். ஆனால் வரலாற்று மாணவர் தேட வேண்டியது மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் உள்ள இசைக் கல்வெட்டு. சுர வரிசைகளை வகை பிரித்துக் காட்டும் இது, மாணவர்களின் நன்மைக்காக வெட்டப்பட்டதாகத் தானே கூறுகிறது. ஏட்டில் எழுதாமல் பாறையில் எழுதிய பாடநூல்! வெட்டுவித்தவர் உருத்திராசாரியரின் மாணவரான ஒரு மன்னர். அவர் தம் பெயரைச் சொல்லவில்லை. இதையும் மகேந்திரவர்மன் கணக்கில் சேர்த்தார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இரண்டு கோயில்களே எஞ்சியுள்ளன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயராலும், தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்தவை. முன்னோரை வரிசையாகச் சொல்லும் கல்வெட்டு ஆண்டைச் சொல்லாததால் அறிஞர்கள் கணக்கில் வேறுபடுகிறார்கள்.

நார்த்தாமலையை மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மலைமேலுள்ள விசயாலய சோழீச்சுவரம் மேற்கு நோக்கியது, சாயும் வெயில் நேராக முகப்பில் விழும். பெயரைக் கேட்டால் சோழன் கட்டியது என்றே தோன்றும். வாயிற்காவலர் சிற்பத்தின் கீழுள்ள கல்வெட்டோ, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டியது என்றும், மழையால் இடிந்தபின் மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்றும் கூறுகிறது. இருவரும் முத்தரையர் மரபினராகக் கருதப்படுகின்றனர். வட்ட வடிவக் கருவறை கொண்ட இக்கோயிலைச் சுற்றி ஆறு சிறு கோயில்கள் நிற்கின்றன.

எதிரே இரண்டு குடைவரைகள். சமணர் குடகு எனப்படும் பெரியதில் ஒரே அச்சில் வார்த்ததுபோலப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் உள்ளன. சமணர் குகை வைணவமாக மாறியதற்குப் பெயரே சாட்சி. சிறியதான பழியிலி ஈச்சரத்தைக் குடைவித்தவர் முத்தரையர் தலைவனின் மகன் சாத்தன் பழியிலி. அதற்கு முன்மண்டபமும் நந்தியும் பலிபீடமும் அமைத்தவர் அவர் மகள் பழியிலி சிறியநங்கை. மண்டபத்தின் அடித்தளம் மட்டும் வெட்டவெளியில் இன்றும் இருக்கிறது. பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும், பாறைச்சரிவில் இருட்டில் கால் வழுக்கும்.