பெட்டி நிரம்பினால் யாருக்குத் தெரியும்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்றே அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. ஏப்ரல் 30 வரை அப்படித்தான் கிடந்தது. எங்கட வீட்டு போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. டொரொன்டோவில் இருந்த அத்தைக்கு மிஞ்சியது ஈமெயில் மட்டும்தான். அப்பாவின் ஒபிஸ் முகவரிக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறார். அடுத்த நிமிசமே அது திரும்பி வந்துவிட்டது: பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது.

இரவு ஒருவழியாக லைன் கிடைத்தது. அத்தை கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் இருக்கீங்களா?" இரண்டாவது, "ஏன் மெயில் திரும்பி வருது?" அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெட்டியில ஒண்டுமே இல்லையே, நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனே" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் போனால் 1982க்குப் போக வேண்டியிருக்கிறது. ஈமெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எஸ்.எம்.ரி.பி. விதிகளை ஜோன் பொஸ்டல் அந்த வருசம் ஓகஸ்டில் எழுதியபோதே, 552 என்ற எண்ணை இதற்காக வைத்திருந்தார். ஒதுக்கிய இடம் முடிந்துவிட்டது, கடிதத்தை ஏற்க முடியாது என்பது அதன் பொருள். இந்தப் பதில் போவது அனுப்பும் கணனிக்கு. அது அனுப்பியவரிடம் சொல்லும். பெட்டியின் சொந்தக்காரரிடம் யார் சொல்வது? அந்த விதியில் அதற்கு ஏற்பாடு இல்லை. (இப்போது பல சேவைகள் முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்புகின்றன. அதையும் அதே பெட்டிக்குள்தான் போடுகின்றன!)

1984இல் கடிதத்தை எடுத்துக்கொள்ளும் பக்கத்துக்கு இன்னொரு முறை வந்தது: பொப். தபால் நிலைய நெறிமுறை என்பதுதான் அதன் விரிவு. தபால் கந்தோருக்குப் போய், கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது மாதிரி. கடிதம் வீட்டுக் கணனிக்கு வந்ததும் அங்கே பெட்டி காலி. இலங்கைக்கு 1995இல் வர்த்தக இன்டர்நெட் வந்தபோது டயல்-அப்தான், நிமிசத்துக்குக் காசு. அதற்கு இந்த முறை நன்றாகவே பொருந்தியது. பிறகு ஒரே ஆளுக்கு ஒபிசில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று கணனிகள் வந்தன. 'சேர்வரில் ஒரு பிரதியை விட்டுவை' என்ற தெரிவும் புழக்கத்துக்கு வந்தது. அப்பாவின் அவுட்லுக்கில் அந்தக் கட்டத்தில் யாரோ சரி போட்டு வைத்திருந்தார்கள். அப்பா பார்த்தது தன் கணனியிலிருந்த பிரதியை, அழித்ததும் அதைத்தான். துறைமுகத்துக்குப் போய்வந்த சரக்குப் பத்திரங்களின் ஸ்கேன்கள் வருசக்கணக்காக சேர்வரில் அப்படியே குவிந்திருந்தன.

இப்படித் தற்செயலாக நிரம்புவதை வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையே உதாரணம். 1997 ஓகஸ்டில் 'இன்டர்நெட் கரும்புலிகள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு குழு, பல நாடுகளிலிருந்த இலங்கைத் தூதரகங்களுக்கு ஈமெயிலாகக் கொட்டித் தீர்த்தது. நாளுக்கு 800 அளவில், இரண்டு வாரம் என்கின்றன செய்திகள். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் தன் 1997ஆம் ஆண்டுப் பயங்கரவாத அறிக்கையில் இதைப் பதிந்தது. ஒரு நாட்டின் கணனிகள்மீது நடந்த முதல் பயங்கரவாதத் தாக்குதல் என்றுகூட எழுதினார்கள்.

எண்ணூறு என்பது இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 1996இல் தொடங்கிய ஹொட்மெயில் ஒரு ஆளுக்குத் தந்த இடம் 2 மெகாபைட். கடிதம் ஒன்று 2 கிலோபைட் என்று வைத்தாலும், 800 கடிதம் 1.6 மெகாபைட். அப்படிப்பட்ட பெட்டி ஒன்று ஒன்றரை நாள் தாங்காது. இதைப் பற்றி எழுதுபவர்கள் தாக்கியவர்களையும் தூதரகங்களையும் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களுக்குத் தோன்றுவது வேறு. நிரம்பிய பெட்டி எதிரியின் கடிதம், கடவுச்சீட்டு கேட்டு எழுதியவரின் கடிதம் என்று பிரித்துப் பார்க்காது. எல்லாருக்கும் 552தான்.

2004 ஏப்ரல் 1இல் 1 கிகாபைட்டோடு ஜிமெயில் வந்தபோது முட்டாள்கள் தினப் பகிடி என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். இனி அழிக்கவே தேவையில்லை என்ற பழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. 2013இல் அது 15 கிகாபைட் ஆனது, ஆனால் கடிதம், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2021 ஜூனிலிருந்து போனில் எடுத்த படங்கள் முழுதாகக் கணக்கில் ஏறுகின்றன. இன்றைக்கு உங்கட பெட்டி நிரம்பினால் கடிதத்தைத் தேடாதீர்கள், பெரும்பாலும் வீடியோதான்.

அப்பாவின் பெட்டியைத் திறக்க நாங்கள் பிரவுசர் வழியாகப் போனோம். அழித்தால் பிழை காட்டியது. அழிக்கும்போது முதலில் குப்பைக்கூடைக்கு ஒரு பிரதி போக வேணும். அதுக்கும் இடம் இல்லை! முதலில் கூடையைக் காலியாக்கி, பிறகு கடிதங்களை அளவுப்படி அடுக்கி, பெரியதிலிருந்து நீக்கி, 'அனுப்பியவை'யையும் பார்த்தோம். கடைசியாக அவுட்லுக்கில் 14 நாளுக்குப் பிறகு சேர்வரிலிருந்து எடுத்துவிடச் சொல்லி வைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் புதுக் கடிதங்கள் வரத் தொடங்கின.

அத்தையின் அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. திருப்பி அனுப்பப்பட்டது தானாக மறுபடி வராது. அது இப்போதும் அவரின் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது, கீழே 552 என்ற எண்ணோடு.