சட்டாம்பிள்ளை ஜெர்மனிக்கு வந்த கதை

ஐரோப்பாவில் மாலை, கனடாவில் மதியம், சிங்கப்பூரில் நள்ளிரவு கடந்த நேரம். தூக்கத்தை விட்டு இணைந்திருப்பவர்களுக்கும் சேர்த்து நன்றி.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு தாய் காரணம். ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே அறை, 23 பிள்ளைகள். மிகச் சிறியவளுக்கு ஐந்து வயது, மூத்தவனுக்குப் பன்னிரண்டு. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்தத் தாய் கேட்டார்: "அக்கா, இத்தனை பேரை வைத்துக்கொண்டு என் பிள்ளையை நீங்கள் எப்போது பார்ப்பீர்கள்?" நான் உடனே சொன்னேன்: "பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் திண்ணைப் பள்ளியிலேயே அப்படித்தானே!" அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் வீடு வந்த பிறகும் மனது அடங்கவில்லை. நான் சொன்னது பதிலா, சாக்கா? அதைத் தேடிப் போனபோது கிடைத்த வரலாறுதான் இன்றைய பேச்சு.

திண்ணைப் பள்ளியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, பல வயதுப் பிள்ளைகள். புதிதாக வந்தவன் மணலில் விரலால் எழுதுவான். எழுத்து கைக்கு வந்தபின் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி என்று படிப்பு ஏறும். பிள்ளைகளில் மூத்தவன், நன்றாகப் படிப்பவன், சட்டாம்பிள்ளை. அவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சிறியவனின் விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பதும் அவன் வேலை. உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் இந்தப் பள்ளி வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். வாத்தியாரின் பிரம்பையும் அவர் மறைக்கவில்லை.

அந்த மணலில் விரல் வைத்த முதல் ஜெர்மானியர்களில் ஒருவர் சீகன்பால்க். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். தமிழ் கற்றுக்கொள்ள அவர் தேர்ந்த வழி எளிமையானது. வயதான ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் பார்த்த மனிதர், 'அ' எழுதும் பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

அவருக்குப் பின்னால் நின்ற ஊர் ஜெர்மனியின் ஹாலே. அங்கே அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் 1695-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, அவர் 1727-இல் இறந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் பெரிய நிறுவனமாகியிருந்தது. தமிழ் ஓலைச்சுவடிகளை இன்றும் அங்கே பாதுகாக்கிறார்கள். இத்தனை பிள்ளைகளுக்கு ஆசிரியர் எங்கிருந்து வந்தார்கள்? ஏழைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஃபிராங்கே இலவசச் சாப்பாடு போட்டார். அவர்கள் பதிலுக்குச் சில மணி நேரம் பாடம் எடுத்தார்கள். இப்படி 160-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கற்பித்தார்கள். செலவு குறைந்த வழிதான். ஆனாலும் பிள்ளைகள் பெருகியபோது அவர் பெரியவர்களைக் கூட்டினார். அந்தப் பெரியவர்களைப் பயிற்றவும் செய்தார்.

வேறொரு வழி சென்னையில் பிறந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலத் திருச்சபைப் போதகர், 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் ஓர் ஆண்பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து, ஆதரவில்லாமல் போன பிள்ளைகள் தங்கிய இடம் அது. ஆசிரியர்கள் சரியில்லை, பிள்ளைகள் எழுத்தே கற்கவில்லை என்று அவருக்கு வருத்தம். ஒருநாள் காலை குதிரைச் சவாரி போகும்போது நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் ஒரு சிப்பாயின் மகனை, எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக்கொடு" என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான். கீழ் வகுப்பு படிக்கத் தொடங்கியது. மெல்ல மெல்ல முழுப் பள்ளியையும் பிள்ளைகளின் கையிலேயே பெல் ஒப்படைத்தார்.

1796-இல் அவர் ஊர் திரும்பினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் நிலைத்தது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். மணலில் எழுதிய அந்தப் பிள்ளைகளின் பெயரோ அவர்களுடைய வாத்தியாரின் பெயரோ அங்கே இல்லை.

அது தொழிற்சாலைகள் பெருகிய காலம். நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். ஆசிரியர்கள் இல்லை, செலவழிக்கவும் மனமில்லை. அப்போது ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனில் ஏழைகளுக்குப் பள்ளி திறந்தார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். முன்னால் மேடையில் ஒரே ஆசிரியர். வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை. தொடக்க வகுப்புக்கு அதே மணல், ஒரு மேசையில். ஒரே ஆசிரியர் ஆயிரம் பேரைக்கூடச் சமாளிக்கலாம் என்று அவர் எழுதினார். பிரம்பை அவர் வெறுத்தார் என்பது உண்மை. ஆனால் அத்தனை பேரை அடக்க வேறு வழி வேண்டியிருந்தது. குறும்பு செய்தவனைக் கூடையில் உட்காரவைத்து எல்லோரும் பார்க்கக் கூரையிலிருந்து தொங்கவிடும் தண்டனையும் அவற்றில் ஒன்று.

இந்த முறை ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது. டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடரிக் அதைத் தம் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். இன்று ஜெர்மனியின் வடக்கே, பால்டிக் கடற்கரையில் இருக்கும் எக்கெர்ன்ஃபோர்டே அன்று அவர் ஆட்சியில் இருந்தது. அங்கே இந்த முறைக்கென ஒரு முன்மாதிரிப் பள்ளி நடந்தது. தரங்கம்பாடியும் அப்போது அதே அரசரிடம்தான் இருந்தது; 1845-இல்தான் அது ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. தமிழ்க் கடற்கரைச் சட்டாம்பிள்ளை, லண்டன் வழியாக ஊர் சுற்றி, அதே அரசரின் ஜெர்மானியக் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

1836 கோடையில் அவனைப் பார்க்க ஒருவர் பெர்லினிலிருந்து போனார். அடோல்ஃப் டீஸ்டர்வெக், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் இயக்குநர். பார்த்துவிட்டு வந்து கடுமையாக எழுதினார். பிள்ளை தானாகச் சிந்திக்கத் தொடங்குவதுதான் கல்வி, அதைத் தூண்டுவது பயிற்சி பெற்ற ஆசிரியரின் வேலை, இங்கே நடப்பது இயந்திர ஓட்டம் என்பது அவர் வாதத்தின் சாரம். பெரிய விவாதம் எழுந்தது. பிரஷ்யாவில் அந்த முறை வேர்பிடிக்கவில்லை. அதற்காக அங்கே வகுப்புகள் சிறிதாகவும் இல்லை. 1872-இல் பிரஷ்ய அரசு போட்ட விதியில், ஒரே ஆசிரியர் நடத்தும் பள்ளியில் பிள்ளைகள் 80-ஐத் தாண்டக் கூடாது என்றிருக்கிறது. எண்பது உச்சவரம்பு என்றால், அதுவரை எத்தனை பேரை ஓர் அறையில் அடைத்திருப்பார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எனக்கு வந்தது. நம் திண்ணையில் நல்லதாக இருந்த ஒன்று ஐரோப்பாவில் ஏன் இயந்திரமானது? பதில் ஓர் எளிய வகுத்தல் கணக்கில் கிடைத்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் தொகுத்த எண்: உயர்கல்வி இடங்களையும் சேர்த்து 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பாருங்கள். பள்ளிக்குப் பதினைந்து பேர்.

பதினைந்து பேர் இருக்கும் திண்ணையில், சட்டாம்பிள்ளை தப்பாகச் சொன்னால் வாத்தியாரின் காதில் விழும். ஒரு பிள்ளை மூன்று நாளாக முகம் வாடியிருந்தால் அவர் கண்ணில் படும். மூத்த பிள்ளையும் சொல்லிக்கொடுத்தே தன் பாடத்தை உறுதிப்படுத்திக்கொள்வான். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823 அறிக்கையில் இதைத்தான் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார். ஆனால் இங்கிலாந்து எடுத்துக்கொண்டது சட்டாம்பிள்ளையை மட்டும். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாத்தியாரை எடுத்துக்கொள்ளவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நம் முதுகை நாமே தட்டிக்கொள்ள முடியாது. அந்தப் பதினைந்து பேரில் பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமே இல்லை. அந்த வகுப்பு சிறிதாக இருந்ததற்கு, வெளியே நிறுத்தப்பட்டவர்களும் ஒரு காரணம். வாத்தியாருக்கும் மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று மன்றோவே குறித்திருக்கிறார். எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே விட வேண்டும் என்று கதவைத் திறந்த பள்ளிகளில்தான் கூட்டம் நெரிந்தது. மிஷன் பள்ளியில் முதன்முதலாக எழுத்தைக் கண்ட குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. கூட்டம் நெரிந்தாலும் பரவாயில்லை, உள்ளே விட்டார்களே என்று என் பாட்டி சொல்வார். அதனால் லங்காஸ்டரை என்னால் முழுதாகப் பழிக்க முடிவதில்லை. கதவைத் திறந்ததில் பிழையில்லை. திறந்த பிறகு உள்ளே போதிய ஆசிரியர்களை வைக்காததும், அந்தக் குறையையே ஒரு முறை என்று புகழ்ந்ததும்தான் பிழை.

நான் படித்த பள்ளியில் ஒரு வகுப்பில் 70 பேர். எங்கள் சட்டாம்பிள்ளைக்கு 'லீடர்' என்று பெயர். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடையாது. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் வேலை. உங்களில் பலர் இப்போது சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கூட்டம் பெருகப் பெருகச் சட்டாம்பிள்ளை ஆசிரியரிலிருந்து காவல்காரன் ஆகிறான்.

பின்னால் நர்ஸிங் டிப்ளமோ படித்தபோது இதே பாடம் வேறு உருவில் வந்தது. படுக்கை விரிக்க, காயத்துக்குக் கட்டுப்போட, மூத்த மாணவி இளையவளுக்குக் கற்றுத்தருவாள். பக்கத்தில் சிஸ்டர் நின்று பார்த்தால் அது படிப்பு. சிஸ்டர் இல்லாத இரவு வார்டில் அதே இரண்டு மாணவிகளும் ஆள் பற்றாக்குறையை அடைக்கும் கைகள். ஜெர்மனியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிகள், இரவில் 3 பேர் என்று அரசாணையே இருக்கிறது. ஐந்து பேரைக் கொடுத்தால் ஊசியும் மருந்தும் எப்படியோ போய்ச் சேரும். முகத்தின் நிறம் மாறுவதைத்தான் பார்க்கத் தவறுவோம்.

பள்ளியில் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில், குலுக்கல் முறையில் பிள்ளைகளை மூன்று வகை வகுப்புகளில் சேர்த்தார்கள்: 13 முதல் 17 பேர், 22 முதல் 25 பேர், அதே 22 முதல் 25 பேரோடு ஆசிரியருக்கு ஓர் உதவியாளர். சிறிய வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதலாக இருந்தது. உதவியாளரால் பெரிய மாற்றமில்லை. சிறிய வகுப்புக்கு ஆகும் பணத்தை நல்ல ஆசிரியரை உருவாக்கச் செலவிடலாம் என்று வாதிடும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. திறமையில்லாத ஆசிரியருக்குப் பதினைந்து பேரைக் கொடுத்தாலும் பயனில்லை. ஆனால் திறமையுள்ளவருக்கு எழுபது பேரைக் கொடுத்தால் அந்தத் திறமை கூட்டத்தை அடக்குவதிலேயே கரைந்துவிடும்.

இனி அந்தத் தாய்க்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை அவரிடம் சொன்னேன்: "அன்றைக்கு நான் சொன்னது பாதிதான் உண்மை. பெரிய பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் நான் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தால்தான் அது நல்லது. 23 பேரை என்னால் பார்க்க முடியவில்லை." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான் வந்து உட்காரட்டுமா அக்கா? எனக்கு இலக்கணமெல்லாம் தெரியாது," என்றார். இலக்கணம் மெல்ல வரும் என்றேன்.

இப்போது இரண்டு அறை. என்னிடம் பன்னிரண்டு பேர், அவரிடம் பதினொருவர். நான் பாடத்தை முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் இன்னும் சட்டாம்பிள்ளைதான். போன வாரம் சின்னவளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்தான். தப்பாகச் சொன்னான். எனக்குக் கேட்டது. இருவருக்கும் சேர்த்துத் திருத்தினேன்.

உங்கள் ஊர்களிலும் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. ஓர் அறையில் எத்தனை பிள்ளைகள், அவர்களைப் பார்க்க எத்தனை பெரியவர்கள் என்பதைக் கேள்வி நேரத்தில் சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.