மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் எங்கே போயின?

1975ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி மாலை கனடாவில் ஒரு வீட்டில் தொலைபேசி மணி அடித்தது. மெக்சிகோவிலிருந்து கென் புருகர் பேசினார். கோடிக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகளை ஒரு மலைக்காட்டில் கண்டுவிட்டதாக அவர் கூறிய செய்தி, பேராசிரியர் பிரெட் அர்குவார்ட், அவரின் துணைவியார் நோரா ஆகிய இருவரின் ஏறத்தாழ நாற்பதாண்டுத் தேடலுக்குக் கிடைத்த விடை.

அவர்கள் தேடியது என்ன? ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடுகள் கொண்ட மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கோடைக்காலத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பறக்கும். இலையுதிர் காலம் வந்ததும் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். அதன்பின் எங்கே போகின்றன என்பது யாருக்கும் தெரியாது. சிறு வயதிலேயே இக்கேள்வி அர்குவார்ட்டைப் பற்றிக்கொண்டது. 1937இல் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

பறவையின் காலில் வளையம் மாட்டலாம். அரை கிராம் எடையுள்ள பூச்சிக்கு என்ன செய்வது? இறக்கையில் சிறு காகிதத்துண்டை ஒட்டிப் பார்த்தார்கள். மழையில் நனைந்ததும் அது உதிர்ந்துபோனது. பல ஆண்டுகள் போராடிய பிறகு, கடைகளில் கண்ணாடிப் பொருள்மேல் விலை ஒட்டுவார்களே, அந்த வகை வில்லைதான் கைகொடுத்தது! ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும், டொரோண்டோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிவைக்கும்படி ஒரு வரியும் அச்சிடப்பட்டன.

1952இல் நோரா பத்திரிகையில் எழுதி உதவி கேட்டபோது முன்வந்தவர்கள் 12 பேர் மட்டுமே. 1971இல் அவர்கள் 600 பேராகப் பெருகினர். பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் வண்ணத்துப்பூச்சி பிடித்து வில்லை ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தையும் மீண்டும் கிடைத்த இடத்தையும் வரைபடத்தில் இணைத்தபோது, கோடுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சென்று டெக்சஸ் மாநிலத்தை எட்டின. அதற்கு அப்பால் மெக்சிகோ. 1972இல் நோரா அந்நாட்டு நாளேடுகளுக்கு எழுதினார். அதைப் படித்துத்தான் புருகர் இத்தேடலில் இறங்கினார்.

புருகருடன் காடு மேடெல்லாம் அலைந்தவர் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் பிறந்த கட்டலினா அகுவாடோ. 1974இல் இருவரும் மணந்துகொண்டனர். உள்ளூர் மக்களிடம் அவர்களின் மொழியில் விசாரித்து வழி கண்டவர் அவர். புருகருக்கோ நிறங்களைப் பிரித்தறிய முடியாது! 1975 ஜனவரி 2ஆம் தேதி செர்ரோ பெலோன் மலையில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், மரங்களின் தண்டும் கிளையும் தெரியாதபடி பூச்சிகள் அப்பிக்கிடந்த காட்சியை இருவரும் கண்டனர்.

அங்குள்ள கிராமத்தாருக்கு அது புதிதல்ல. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் முதல் நாள்களில் இவை வந்து சேர்வதால், முன்னோரின் ஆன்மாக்களே திரும்பி வருவதாக அவர்கள் நம்பி வந்துள்ளனர். எங்கிருந்து வருகின்றன என்பது மட்டும் அவர்கள் அறியாதது.

ஆனால், அவை கனடாவின் பூச்சிகள்தாம் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே? 1976 ஜனவரியில் முதிய வயதில் மூச்சிரைக்க மலையேறினார் அர்குவார்ட். பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து அவர் முன் விழுந்தது. சிதறிய பூச்சிகளில் ஒன்றின் இறக்கையில் வெள்ளை வில்லை! மினசோட்டா மாநிலத்தின் சாஸ்கா ஊரில் ஓர் ஆசிரியரும் அவரின் மாணவர்களும் முந்தைய ஆகஸ்டில் ஒட்டியது அது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நேஷனல் ஜியாகிராபிக் இதழ் இச்செய்தியை வெளியிட்டது. அட்டைப்படத்தில் பூச்சிகள் சூழ நின்றவர் கட்டலினா. ஆயினும், கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைப் பலர் நெடுங்காலம் அறியவில்லை. இடத்தின் பெயரையும் அர்குவார்ட் மறைத்தே வைத்திருந்தார். சக ஆய்வாளர் லிங்கன் பிரவர் கேட்டும் சொல்லவில்லை. கட்டுரையில் கிடைத்த துப்புகளைக் கொண்டு பிரவரின் கூட்டாளி வில்லியம் கால்வர்ட் அவ்வாண்டின் இறுதியிலேயே ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இரு தரப்பிலும் மனக்கசப்புதான் மிஞ்சியது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தாமே.

வழி எப்படித் தெரிகிறது என்பது அடுத்த கேள்வி. கோடையில் பிறப்பவை சில வாரங்களில் மடிந்துவிடும். தெற்கே பறக்கும் தலைமுறை மட்டும் எட்டு மாதம்வரை வாழும். முன்பின் அவ்வழி போகாத பூச்சி அது. அதன் பாட்டன் பூட்டன் சென்ற மலைக்கே போய்ச் சேர்கிறது. சூரியனைத் திசைகாட்டியாகக் கொள்கிறது எனில், நகரும் சூரியனுக்கு ஏற்ப நேரம் கணிக்க ஒரு கடிகாரம் தேவை. அக்கடிகாரம் உணர்கொம்பில் உள்ளது என 2009இல் ஸ்டீவன் ரெப்பர்ட் குழுவினர் நிறுவினர். கொம்பில் கறுப்புச் சாயம் பூசியதும் பூச்சி தவறான திசையில் சென்றது. ஒளி புகும் பூச்சைப் பூசியபோது திசை மாறவில்லை.

மெக்சிகோ அரசு 1986இல் காப்பகம் அமைத்து, 2000இல் அதை விரிவாக்கியது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. மரம் வெட்டிப் பிழைத்த கிராமத்தாருக்கு இது எளிதாக இருக்கவில்லை. முன்னர் மரம் வெட்டியவரும் பின்னர் காட்டின் காவலராக மாறியவருமான ஒமேரோ கோமெஸ் 2020 ஜனவரியில் காணாமற்போய், கிணற்றிலிருந்து சடலமாக மீட்கப்பட்டார்.

வடக்கே வேறோர் ஆபத்து. எருக்கின் இனத்தைச் சேர்ந்த பால்செடியின் இலையை மட்டுமே இவற்றின் புழுக்கள் உண்ணும். சோளம், சோயா வயல்களில் களைக்கொல்லி தெளித்ததால் அச்செடி அழிந்து வந்தது. மலையில் பூச்சிகளைத் தனித்தனியே எண்ண முடியாது என்பதால், அவை அடைந்திருக்கும் காட்டின் பரப்பை அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டர். 2013-14இல் 0.67 ஹெக்டர். 2024-25இல் 1.79 ஹெக்டர்.