மிளகாய் வந்த வழி

திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் மிளகாய்க்கு இடமில்லை. பெருமாள் அமுதுக்குக் காரம் தருவது மிளகே. வியப்பாக இருக்கிறதா? அந்த மரபு, மிளகாய் இங்கு வருவதற்கு முந்தியது.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் ஆசியாவின் பொன்னையும் மிளகையும் நாடிப் புறப்பட்ட கொலம்பஸ், அங்கே கண்டது மிளகாயை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். மிளகுபோல் உறைத்ததால் நம் முன்னோர் 'மிளகாய்' என்றனர்.

மிளகுக்கொடிக்கு மலைநாட்டு ஈரமும் நிழலும் வேண்டும். மிளகாய்ச் செடிக்கோ, திருச்சி வெயிலில் ஒரு மண்தொட்டி போதும். குளிர் நாட்டினர்கூட, வீட்டினுள் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் விதையை முளைக்கவைத்து, வெயில்படும் சன்னலோரம் வளர்க்கின்றனர். ஏழை வீட்டுக்கும் காரம் எட்டியது இவ்வாறுதான்.

அடுத்த முறை கோயில் பொங்கலில் மிளகைக் கடிக்கும்போது எண்ணிப் பாருங்கள்: ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழர் அறிந்த காரம் அதுவே!