கருப்பையைத் தாங்கிய வளையம்

சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். எழுந்ததும் மீண்டும் முட்டும். கருப்பை இறக்கம் உள்ள பல பெண்களின் பாடு இது. யோனியின் முன்சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பை கீழே சரியும்போது சிறுநீர் வெளியேறும் குழாய் மடங்கிக்கொள்கிறது. இறங்கிய சதையை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்தபடி சிறுநீர் கழிப்பவர்கள் உண்டு. வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை.

அந்த விரல் செய்யும் வேலைக்கு ஒரு பொருளைத் தேடிய வரலாறு நீண்டது.

பண்டைய கிரேக்கத்தின் ஹிப்போகிரேட்டஸ் மரபு மருத்துவர்கள், இறங்கிய கருப்பை உள்ளே போகட்டும் என்று பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கினார்கள். ஒயினில் ஊறிய பாதி மாதுளையை உள்ளே வைக்கும் முறையும் இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் சொரேனஸ் ஏணி முறையை எதிர்த்தார். மென்மையான கம்பளி உருண்டை போதும் என்றார். துன்புறும் பெண்ணின் பக்கம் நின்ற குரல் அது. 16ஆம் நூற்றாண்டு பிரான்சில் அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே பித்தளையிலும் மெழுகு பூசிய தக்கையிலும் முட்டை வடிவத் தாங்கிகளைச் செய்தார். தக்கை ஈரத்தை உறிஞ்சி நாறும், உலோகம் உறுத்தும். வடிவத்தைவிடப் பொருள்தான் பெரிய தடையாக இருந்தது.

1844இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்து சூடாக்கிய ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். தாங்கிகளுக்கு ஏற்ற பொருள் கிடைத்தது. ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஹியூ லெனாக்ஸ் ஹாட்ஜ், கணப்படுப்பின் அருகே இடுக்கியைத் தாங்கிய வளைந்த இரும்பைப் பார்த்துத் தன் பெசரியின், அதாவது யோனிக்குள் வைக்கும் தாங்கியின், வடிவத்தைக் கண்டதாகச் சொல்வார்கள். பின்பக்கம் சாய்ந்த கருப்பைக்காகச் செய்தது அது. பிறகு பெசரி மோகமே பிறந்தது: 123 வகைகள் படங்களோடு பட்டியலிடப்பட்டிருப்பதாக 1860களில் நியூ ஹாம்ப்ஷர் மருத்துவர் பக் சீறினார். அவர் கோபம் நியாயமானது. மறந்துபோய் உள்ளேயே விடப்பட்ட பெசரிகள் புண்ணாகி, சிறுநீர்ப்பை வரை துளைத்ததும் உண்டு.

1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கேகல், தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைப் பற்றி எழுதினார். ஆனால் சிறுநீர் தேங்கும் சிக்கலுக்குப் பெரிய திருப்பம் 1972இல் மிச்சிகனில் வந்தது. சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ், கைகளைக் கழுவிவிட்டு, சுத்தமான குழாயை நோயாளி தானே செருகிச் சிறுநீரை வெளியேற்றலாம் என்றார். கிருமிநீக்கம் செய்த குழாய் கட்டாயமில்லை என்றார். சிறுநீர்ப்பை நிரம்பி விம்மினால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், தொற்று அங்கேதான் தொடங்கும் என்பது அவர் வாதம். அன்று பலருக்கு அது அதிர்ச்சி. நரம்புக் கோளாறு உள்ளவர்களிடம் தொடங்கிய அந்த முறை, பெசரி வளையம் வைத்தும் சிறுநீர் தேங்கும் பெண்களுக்கும் இன்று கைகொடுக்கிறது.

இப்போதைய சிலிகோன் வளையத்தைப் பல பெண்கள் தாங்களே எடுத்துச் சோப்பால் கழுவி மாட்டிக்கொள்கிறார்கள். வைத்ததும் இருமச் சொல்வார்கள், குந்தச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள். சிறுநீர் கழித்துக் காட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். மடங்கிய குழாய் நிமிர்ந்ததும் சிலருக்கு இருமும்போது சிறுநீர் கசியத் தொடங்கும்; மடிப்பு மறைத்து வைத்திருந்த பலவீனம் அது. அப்போது குமிழ் வைத்த வேறு வளையத்தைப் போட்டுப் பார்ப்பார்கள்.